அகுஸ்தினார் இறங்கிய மணல்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்துப் பெக்வெல் விரிகுடாவின் ஓரத்தில், புல்தரைமீது ஒரு நெடும்படகு நிற்கிறது. ஹ்யூகின் என்பது அதன் பெயர். நாகத்தலை முகப்பு, இரு மருங்கிலும் வரிசையாக வண்ணக் கேடயங்கள். 1949-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து 53 பேர் அதைச் செலுத்தி வந்து, அருகிலுள்ள பிராட்ஸ்டேர்ஸ் கடற்கரையில் இறங்கினர். ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்னும் செருமானியத் தலைவர் இருவர் கி.பி. 449-இல் இக்கரைக்கு வந்தனர் என்பது மரபு. அதன் 1500-ஆம் ஆண்டு நிறைவுக்காக எடுக்கப்பட்ட விழா அது. மக்கள் திரண்டு வந்து வரவேற்றனர். அந்தக் கடற்கரைக்கே 'வைக்கிங் விரிகுடா' என்று பெயர் வந்துவிட்டது. கூலிப்படையாக அழைக்கப்பட்டு வந்த அவ்விருவரும் அழைத்தவனுக்கு எதிராகவே வாளெடுத்தனர் என்று அதே மரபு சொல்வதை விழா எடுத்தவர்கள் பெரிதுபடுத்தவில்லை.

சென்ற கோடையில் அந்தப் படகின் நிழலில் நாம் நின்றிருந்தோம். நம்மை அழைத்துச் சென்ற நண்பர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இலண்டனில் குடியேறி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர். படகைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டபின் கடலைப் பார்த்து அவர் சொன்னார்: "அண்ணை, இப்ப போட்டில வாற ஆக்களாலதான் இந்த நாடு கெட்டுப்போகுது." உச்சியில் வெயில்; மணலில் குழந்தைகளின் கூச்சல். நாம் அப்போது மறுமொழி சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். அவர் ஒருவருக்காக மட்டும் எழுதவில்லை. அந்தச் சொல்லை நம் பங்குகளிலும், நம் உணவு மேசைகளிலும், நம் நாவிலுங்கூட நாம் கேட்டிருக்கிறோம்.

நோயுற்ற ஏழைக்காக ஒரு கரை

மார்கேட் தொடங்கி டோவர் வரையுள்ள இக்கரையில் நடப்பது பேரின்பம் என்பதில் ஐயமில்லை. மார்கேட்டின் அகன்ற பொன்மணல், பாட்டனி விரிகுடாவில் கடலுக்குள் தனித்து நிற்கும் வெண்சுண்ணப் பாறைத் தூண்கள், டிக்கன்ஸ் கோடைதோறும் தங்கி எழுதிய பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட் துறைமுகம், டீல் நகரின் கூழாங்கற் கரை, பின் டோவரின் வெள்ளைக் குன்றுகள். பயண ஏடுகள் இவற்றையெல்லாம் வண்ணப் படங்களோடு விரிக்கின்றன. விளையாட்டும் நீராட்டும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் என்று கடற்கரை நமக்குப் பழகிவிட்டது. கடற்கரை என்றாலே ஓய்வு, ஓய்வு என்றாலே காசுள்ளவர் வாங்கும் பொருள் என்று எண்ணப் பழகிக்கொண்டோம்.

இக்கரை அப்படித் தொடங்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்கேட்டில் மக்கள் கடலில் இறங்கத் தொடங்கியது பெரிதும் நோய் நீங்கவே. குதிரை இழுக்கும் குளியல் வண்டிக்கு மறைப்புத் துணிக்கூரை அமைத்த பெஞ்சமின் பீல் அவ்வூர்க் குவேக்கர் சபையினர். 1791-இல் லெட்சம் என்ற மருத்துவரின் முயற்சியால் அங்கே ஒரு கடல்நீராட்டு மருத்துவமனை நிறுவப்பட்டது. யாருக்காக? கண்டமாலை என்று நம்மவர் அழைத்த கழுத்துக்கட்டி நோயால் வாடிய இலண்டன் ஏழைகளுக்காக. கடலைப் பார்த்த திறந்த தாழ்வாரங்களில் அவர்களைக் கிடத்திக் கடற்காற்றையே மருந்தாகக் கொடுத்தனர். செல்வர்கள் மட்டும் துய்த்த காற்றை ஏழைக்கும் உரிமையாக்கிய அறச்செயல் அது. 1846-இல் இருப்புப்பாதை வந்தது. 1871-இல் பொது விடுமுறைச் சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் ஒருநாளாவது கடலைக் கண்டனர்.

அந்த மருத்துவமனை 1996-இல் மூடப்பட்டது. இன்று அது கடல் பார்த்த அடுக்கக வீடுகளாக மாறி விலைபோயிருக்கிறது. அதன் முன்னே நின்றபோது நம் மனத்தில் ஒரு வினா எழுந்தது. வலுவிழந்து வருகிறவனுக்கென்று திறந்த கதவை, வலுவுள்ளவனுக்கென்று சாத்திக்கொள்வதுதான் முன்னேற்றமா? இவ்வினா மருத்துவமனையோடு நிற்பதன்று. அக்கரை முழுவதையும் பார்த்துக் கேட்க வேண்டியது.

காத்திருந்த நாற்பது பேர்

ஹ்யூகின் படகிலிருந்து சிறிது தொலைவு நடந்தால், எப்ஸ்ஃப்ளீட் என்னுமிடத்தில் வயல்வெளியோரம் ஒரு கற்சிலுவை நிற்கிறது. 1884-இல் நாட்டப்பட்டது. கி.பி. 597-இல் புனித அகுஸ்தினார் வந்திறங்கியதன் நினைவு அது. மோனிக்கம்மாளின் மைந்தரான ஹிப்போ நகர் ஆயரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் உரோமைத் துறவி. திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆங்கிலேயருக்கு நற்செய்தி அறிவிக்க அனுப்பியவர். கான்டர்பரியின் முதல் பேராயர். அவரோடு வந்தவர் ஏறத்தாழ நாற்பது பேர்.

அவ்வருகையை வரலாற்றாசிரியர் புனித பேதா எழுதிவைத்திருக்கிறார். அதை ஊன்றிப் படித்த நம்மவர் எத்தனை பேர்? இந்த நாற்பது பேரும் வீரர்களாக வரவில்லை. பாதி வழியிலேயே நடுங்கிப்போயினர். மொழி தெரியாத, முரட்டு மக்களிடம் போவதைவிடத் திரும்பிவிடுவதே நன்றென்று எண்ணி, அகுஸ்தினாரையே உரோமைக்குத் திருப்பி அனுப்பினர். கிரகோரியார் மடல் எழுதித் தேற்றிய பின்னரே பயணம் தொடர்ந்தது. வந்திறங்கியபோதும் பிராங்கிய மொழிபெயர்ப்பாளரை நம்பியே வாய் திறந்தனர்.

அன்று தானெட் பகுதி ஒரு தீவு. பிரித்து நின்ற கடற்கால் பின்னாளில் மண்மூடித் தூர்ந்துபோயிற்று. கென்ட்டின் மன்னர் எத்தல்பர்ட் அப்போது கிறிஸ்தவரல்லர். அவர் மனைவி பெர்த்தா மட்டுமே பிராங்கியக் கிறிஸ்தவ அரசகுமாரி. அந்நியர் வந்த செய்தி கேட்ட மன்னர் என்ன ஆணையிட்டார்? தாம் முடிவு செய்யும்வரை அவர்கள் அத்தீவிலேயே இருக்கட்டும். அதுவரை அவர்களுக்கு வேண்டியதெல்லாம் கொடுக்கப்படட்டும் என்றார். சில நாள் கழித்துத் தாமே அங்கு வந்தார். அவருக்கும் அச்சம் இருந்தது. வீட்டுக்குள் சந்தித்தால் மந்திரத்தால் மயக்கிவிடுவார்களோ என்று திறந்த வெளியில் அமர்ந்தே பேசினார். பேசிய பின், உங்கள் சமயம் எனக்குப் புதிது, உடனே ஏற்க இயலாது, ஆயினும் தொலைவிலிருந்து வந்த உங்களுக்குத் துன்பம் செய்யமாட்டேன் என்ற கருத்துப்படக் கூறி, கான்டர்பரியில் இருப்பிடமும் உணவும் கொடுத்தார்.

அச்சம் இருந்தது, காவலும் இருந்தது, விசாரணையும் இருந்தது. அவற்றோடு சோறும் இருந்தது. வந்தவரை நேரில் வந்து பார்க்கும் கண்ணியமும் இருந்தது. ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஏடு ஒரு பிறசமயத்தவரின் விருந்தோம்பலால் எழுதப்பட்டது.

இனி அதே தானெட்டில், அச்சிலுவையிலிருந்து சில மைல் தொலைவில், நம் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். மான்ஸ்டன் என்னும் பழைய விமானப்படைத் தளத்தில், கால்வாயைப் படகில் கடந்து வருவோரை ஒருநாள் அளவுக்கு மட்டும் வைத்து விசாரித்து அனுப்ப ஒரு முகாம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 பேருக்கான அவ்விடத்தில் 2022 அக்டோபர் இறுதியில் சுமார் 4,000 பேர் அடைபட்டுக் கிடந்தனர். பலர் வாரக்கணக்கில் கூடாரங்களில் தரையில் படுத்தனர். தொண்டை அடைப்பான் நோய் தோன்றியது. அங்கு வைக்கப்பட்டிருந்த ஒருவர் நவம்பரில் இறந்தார். அதன்பின்னரே முகாம் காலியாக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டு மன்னர் நாற்பது அந்நியருக்குச் செய்ததை, உலகின் செல்வ நாடுகளில் ஒன்று செய்ய இயலாமற் போனது ஏன்? சோறு இல்லாமலா? கூரை இல்லாமலா? மனம் இல்லாமற் போயிற்று என்பதே நம் கருத்து.

சட்டத்தை மீறி வந்த புனிதர்

"அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாக வருகிறார்களே" என்பர் சிலர். இது வலிவான வாதம்தான். முன் இசைவின்றி வந்திறங்குவதையே குற்றமாக்கும் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இவ்வாதத்தை எடுத்துப் பேசும் கத்தோலிக்கர் டோவர் துறைமுகத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

1580-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அத்துறையில் ஒருவர் இறங்கினார். நகை வணிகர் என்று சொல்லிக்கொண்டார். நகரத் தலைவர் ஐயுற்றுத் தடுத்து நிறுத்தி, பின்னர் விட்டுவிட்டார். அவர் நகை வணிகரல்லர். எட்மண்ட் கேம்பியன் என்னும் இயேசு சபைக் குரு. பொய்ப் பெயரும் பொய் வேடமும் பூண்டு, அரசின் விருப்பத்துக்கு மாறாக நாட்டுக்குள் நுழைந்தவர். மறு ஆண்டு டிசம்பரில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். 1585-இல் வந்த சட்டமோ, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வருவதையே அரச துரோகமாக்கியது. அவர்களுக்கு இடங்கொடுப்போருக்கும் மரணத்தை விதித்தது. குருக்களை வீட்டில் மறைத்து வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மார்கரெட் கிளித்ரோ என்னும் இல்லத்தரசி, 1586-இல் யார்க் நகரில் பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். இவ்விருவரையும் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர்களாக உயர்த்தினார்.

டீலிலும் வால்மரிலும் சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் கோட்டைகளை எட்டாம் ஹென்றி 1539-40 ஆண்டுகளில் எழுப்பியது யாருக்கு அஞ்சி? உரோமையோடு உறவை முறித்துக்கொண்ட பின், கத்தோலிக்க அரசுகள் படையெடுக்கும் என்ற அச்சத்தில். நம் மறையினர் ஒருகாலத்தில் அந்நாட்டில் வெளியிலிருந்து வந்த ஆபத்தாகவே எண்ணப்பட்டனர். அந்த நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

படகில் வருவோரெல்லாம் மறைசாட்சிகள் என்று நாம் சொல்லவில்லை. சட்டங்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாட்டின் எல்லையை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமையுண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2241-ஆம் எண்ணில் அதை ஏற்கிறது. அதே எண், வளமுள்ள நாடுகள் தம்மால் இயன்ற அளவுக்கு அந்நியரை ஏற்கக் கடமைப்பட்டவை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவ்வுரிமையைப் பேசுகிறது. நம்மவர் பின்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு முன்பாதியை மறந்துவிடுகின்றனர். சட்டத்தை மீறினான் என்ற ஒரே காரணத்தால் ஒரு மனிதன் கதை முடிந்துவிடுவதில்லை என்பதற்குத்தான் கேம்பியனை இங்கே அழைத்தோம்.

"இடம் இல்லை" என்பது அடுத்த வாதம். 1914-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், டோவரை அடுத்த ஃபோக்ஸ்டன் துறையில் பெல்ஜிய அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினர். அப்போரின்போது பிரித்தானியா ஏற்ற பெல்ஜியர் ஏறத்தாழ 2,50,000 பேர். பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஊர்மக்கள் துறைமுகத்திலேயே உணவோடு காத்திருந்தனர். போர் முடிந்ததும் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். எப்ஸ்ஃப்ளீட் சிலுவைக்கு அருகேயுள்ள மின்ஸ்டர் மடத்தின் கதையும் இதுவே. ஏழாம் நூற்றாண்டில் தோன்றி, டேனியரால் அழிந்த அத்துறவகத்தில், 1937-இல் பவேரியா நாட்டு ஆசிர்வாதப்பர் சபைக் கன்னியர் வந்து குடியேறினர். நாசி ஆட்சி துறவியரை நெருக்கிய காலம் அது. இன்றும் அங்கே திருப்புகழ்மாலை ஒலிக்கிறது. 1940-இல் டன்கர்க்கிலிருந்து மீட்கப்பட்ட 3,38,226 படைவீரரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரெஞ்சுக்காரர். டோவர் கோட்டைச் சுரங்கங்களிலிருந்து நடத்தப்பட்ட மீட்பு அது. ராம்ஸ்கேட் படகுகளும் அதில் சென்றன. இடம் என்பது நிலத்தில் இருப்பதைவிட மனத்தில் இருப்பது.

பயணச்சீட்டு ஏன் இல்லை?

"விமானத்தில் முறையாக வரலாமே, ஏன் ஆட்கடத்துவோருக்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்பதே மூன்றாவது வாதம். ஆட்கடத்தல் கொடிய பாவம். மனித உயிரை விலைபேசும் தொழில். அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் இவ்வினாவுக்கு விடை தமிழரின் வரலாற்றிலேயே இருக்கிறது, அதை மறந்துவிட்டோம்.

1987 பிப்ரவரியில் தமிழ் அகதிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் புகலிடம் கேட்டனர். திருப்பி அனுப்ப முற்பட்டபோது, சிலர் மேலாடையைக் களைந்து ஓடுபாதையருகே நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டே ஒரு சட்டம் வந்தது. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனமோ கப்பல் நிறுவனமோ தலைக்கு 1,000 பவுன் தண்டம் கட்டவேண்டும். அன்று முதல் எல்லைக் காவல், பயணச்சீட்டு மேசைக்கே வந்துவிட்டது. குண்டுக்குத் தப்பி ஓடுகிறவனுக்கு விசா யார் கொடுப்பார்? விசா இல்லாதவனை எந்த விமானம் ஏற்றும்? வாசலை அடைத்தபின், சுவரேறிக் குதிக்கிறான் என்று பழிப்பது எவ்வாறு நியாயமாகும்?

அதே 1987-இல், இக்கரைக்கு வடக்கே ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கிப் புகலிடம் கேட்டோரை அதில் அடைத்துவைத்தனர். அவர்களில் பலர் தமிழர். அக்டோபர் 16-ஆம் நாள் தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் கப்பலின் கட்டுகள் அறுந்தன. அது மிதந்துசென்று தரைதட்டியது. அதன்பின்னரே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். புயல் வந்து திறந்துவிட்ட சிறை அது. இதை இலண்டனில் பிறந்த நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

2021 நவம்பர் 24-ஆம் நாள் இரவில், காற்றடைத்த ஒரு படகு இக்கால்வாயின் நடுவே கவிழ்ந்தது. குறைந்தது 27 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஈராக்கியக் குர்தியர், குழந்தைகளும் உண்டு. கரையில் நிற்போர் கண்ணுக்குத் தெரியாத தொலைவுமன்று அக்கடல். தெளிந்த நாளில் டோவரிலிருந்து பிரான்சின் கரை நன்றாகத் தெரியும். அக்கால்வாய் அதன் குறுகலான இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான்.

கரையில் நின்று கேட்க வேண்டியவை

ஆகவே, கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று சொல்கிறோமா? இல்லை. போங்கள், குழந்தைகளை அழைத்துப் போங்கள், நீராடுங்கள். களைத்த உடலுக்கு ஓய்வு இறைவன் தந்த கொடை. ஆனால் அக்கரையின் வரலாற்றை அணிகலனாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வாளோடு வந்த சீசரின் காலடியைத் தேடி ஆய்வாளர்கள் நிலத்தைத் தோண்டுகின்றனர். 2017-இல் பெக்வெல் விரிகுடாவே அவர் கி.மு. 54-இல் இறங்கிய இடமென்று லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் சான்று காட்டினர்; செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. நாகத்தலைப் படகுக்குச் செப்பனிட்டு வண்ணம் பூசுகின்றனர். முன்னாளில் சாராயமும் தேயிலையும் கடத்தியோரின் கதைகளை விடுதிகளில் சுவையாகச் சொல்கின்றனர். கையில் குழந்தையோடு நனைந்து வருகிறவளை மட்டும் படையெடுப்பு என்கின்றனர். இந்த முரண்பாட்டை எவரும் காணாமலிருக்கலாம். கிறிஸ்தவன் காணாமலிருக்கக் கூடாது.

திருத்தூதர் பவுல் ஏறிய கப்பல் மால்டா கரையில் உடைந்தபோது, அதில் இருந்தவர் 276 பேர். அத்தீவினர் அவர்கள் யாரென்று கேட்கவில்லை. மழையும் குளிருமாயிருந்ததால் தீ மூட்டினர் என்கிறது திருத்தூதர் பணி நூல். அக்கப்பலில் கைதிகளும் இருந்தனர்; பவுலே ஒரு கைதி. இறுதித் தீர்ப்பில் ஆண்டவர் கேட்கப்போகும் கேள்விகளுள் அந்நியனை ஏற்றாயா என்பதும் ஒன்று என்று மத்தேயு 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவன் தாள்களைச் சரிபார்த்தாயா என்ற கேள்வியை நாம் அங்கே காணவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் பொறுப்பேற்றபின் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதற்பயணம் லாம்பதூசா தீவுக்கு. கடலில் மாண்ட அகதிகளுக்காக அலைமீது மலர்வளையம் இட்டார். அதுவும் ஒரு கடற்கரைப் பயணம்தான்.

நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தனர். கடலுக்குப் போனவர் திரும்புவரோ என்று ஏங்குவோரின் நிலம் அது. கடலைப் பார்த்து இரங்கத் தெரியாதவன் கடற்கரையைப் பார்த்தவனாகமாட்டான்.

அன்று மாலை ராம்ஸ்கேட்டில், கட்டடக் கலைஞர் பியூஜின் தம் சொந்தப் பணத்தில் எழுப்பிய புனித அகுஸ்தினார் ஆலயத்தில் நாம் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். 2012 முதல் அது அப்புனிதரின் திருத்தலம். எத்தல்பர்ட் அரசர் திறந்த வெளியில் அமர்ந்த கதையை நண்பருக்கு மெல்லச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. வெளியே வந்து, துறைமுக விளக்குகளைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணை, நான் 86-இல வேற ஒருத்தற்ர பாஸ்போட்டிலதான் வந்தனான். பிள்ளையளுக்கு இதுவரைக்கும் சொல்லேல்லை."

சொல்லுங்கள் என்றோம். அவருக்குச் சொன்னதையே இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறோம். நீங்களோ உங்கள் தந்தையோ எந்தக் கரையில், எந்தப் பெயரில், எந்த அச்சத்தோடு இறங்கினீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்களுக்கு முதல் சோறு போட்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன்பின் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்.